இடியை நிறுத்தும் முறை

மின்னல் வெட்டியதும் மகள் உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். தன்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்து, அவன் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மடியைக் காலி செய்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், அலமாரி மேல் சார்ஜில் கிடந்த கைபேசியைப் பிடுங்கி வந்து அவன் கையில் திணித்தாள்.

“சித்தப்பாவுக்குப் போன் போடுங்கப்பா.”

“எதுக்கு?”

“நிறுத்தச் சொல்லுங்க.”

அப்போதுதான் இடி வந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு கைபேசியையே பார்த்தாள். அவன் எண்ணை அழுத்துவதுபோல் அழுத்தி, கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, சித்தப்பா எடுக்கவில்லை என்றான். சொன்ன பொய்யில் அவனுக்குச் சிறிது சந்தோஷமும் இருந்தது.

போன மழைக்காலம் வரை இடி அவனுடையதாக இருந்தது. மின்னியதும் மகள் மடியில் ஏறிக்கொள்வாள், இருவரும் சேர்ந்து எண்ணுவார்கள். மின்னலும் இடியும் ஒரே நொடியில் பிறக்கிற இரட்டைப் பிள்ளைகள் என்று அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒளி ஓடி வந்துவிடும், ஒலி நடந்து வரும். நடுவில் எவ்வளவு நேரம் எண்ண முடிகிறதோ அவ்வளவு தூரத்தில் இடி இருக்கிறது. மின்னல் போகிற வழியிலுள்ள காற்று திடீரென்று சூடாகி உப்புகிறது, பக்கத்துக் காற்றை முட்டித் தள்ளுகிறது, அந்த முட்டல்தான் நமக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். எதை விளக்கினாலும் அவன் ‘அவ்வளவுதான்’ என்று முடிப்பான். லிஃப்ட் ஏறுவது, குளிர்பெட்டி குளிர்வது, விமானம் விழாமலிருப்பது எல்லாம் அவ்வளவுதான். மகளும் மழலையில் ‘அவ்ளோதான்’ என்று சொல்லிவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போவாள். அந்த ஒரு சொல்லில் ஒரு குழந்தையின் பயம் தீர்ந்துபோவதைப் பார்ப்பதில் அவனுக்கு அடங்காத பெருமை இருந்தது.

அதைச் சகலை எடுத்துக்கொண்டுவிட்டான். அவன் மனைவியின் தங்கை கணவன். பெரிய அறைகலன் கடையில் சோபா விற்பவன். நல்ல உயரம், ஒழுங்காக வெட்டிய தாடி, அதைவிட ஒழுங்கான குரல். வருகிறவரை சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நிற்பானாம். பிறகு மெதுவாக, “எப்படி இருக்கு?” என்பானாம். அதற்கு மேல் அந்த மனிதர் எழுந்து போக வழியில்லை. சபையின் ஆண்டுவிழாவுக்கு இயேசு கடலையும் காற்றையும் அடக்கிய கதையை நாடகமாகப் போடலாம் என்று போதகர் சொன்னபோது, இயேசுவாக யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் சகலை பக்கம் திரும்பியது. புயலுக்கு யார் என்றபோது இவன் பக்கம் திரும்பியது. குளிர்சாதனக் காற்று போகும் தகரக் குழாய்களை அளவெடுத்து வெட்டி மடித்துப் பொருத்துவது இவன் தொழில். காற்றோடும் தகரத்தோடும் பழகியவன், வேறு யாரிடம் போவார்கள்?

மாமியார் வீட்டிலும் ஏற்பாடு அப்படித்தான். சின்ன மாப்பிள்ளை வந்தால் மாமியார், “உக்காருங்க மாப்ளே” என்பார். பெரிய மாப்பிள்ளை வந்தால், “நல்லவேளை வந்தீங்க மாப்ளே” என்பார். சொட்டுகிற குழாய், ஒட்டிக்கொள்கிற கதவு, ஓடாத காற்றாடி என்று ஏதாவது அவனுக்காகக் காத்திருக்கும். அவன் ஏணி மேல் நிற்கும்போது கீழே சகலை பேசுவதும் மாமியார் சிரிப்பதும் கேட்கும். ஒருமுறை ஸ்பேனரைக் கேட்டபோது சகலைதான் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தான். குறை சொல்ல அவனிடம் ஒன்றுமே இல்லை என்பதுதான் அவனிடம் இருந்த பெரிய குறை.

புயலை அவன் மனமாரச் செய்தான். காற்றுக்கு ஒரு மர டிரம். அதன் மேல் வரிவரியாகச் சட்டம் அடித்து, தடித்த கித்தான் துணியைப் போர்த்தி, துணியின் ஒரு முனையைத் தரையோடு இறுக்கிவிட்டான். கைப்பிடியைச் சுற்றினால் சட்டங்கள் துணியை உரசும். மெதுவாகச் சுற்றினால் முனகல், வேகமாகச் சுற்றினால் ஊளை. மழைக்கு, வேலையில் மிஞ்சிய நீளக் குழாய் ஒன்று. உள்ளே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஆணிகள் அடித்து, காய்ந்த பட்டாணியைப் போட்டு, நடுவில் தொங்கவிட்டான். ஒரு பக்கம் சாய்த்தால் பட்டாணி ஆணிகளில் முட்டி முட்டி இறங்கும், கண்ணை மூடிக்கொண்டால் கூரையில் மழை. இடிக்கு ஒரு தகடு. மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, கீழ் விளிம்பைப் பிடித்து உலுக்க வேண்டும்.

உலுக்குவது எவராலும் முடியும். நிறுத்துவதுதான் வேலை. ஒரு தகட்டைக் கையால் அழுத்தினால் கை பட்ட இடம் மட்டும்தான் அடங்கும், மற்ற இடமெல்லாம் பாடிக்கொண்டே இருக்கும். அதனால் தகட்டை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். கன்னம், தோள், தொடை, முழங்கால் எல்லாம் அதன் மேல் பட வேண்டும். உடம்பு மெத்தென்று இருப்பதால் அதிர்வைக் குடித்துவிடும், அவ்வளவுதான். மேடையில் சகலை கையை உயர்த்தி, “போதும், அமைதியா இரு” என்றதும் மனைவி டிரம்மை விட வேண்டும், அவன் தகட்டைத் தழுவ வேண்டும். டிரம் சுற்றுவதற்கு மனைவியைக் கூப்பிட்டபோது, “இத்தன வருஷமா உங்களோட சுத்துறது போதாதா?” என்றாள். ஆனால் அவள்தான் நன்றாகச் சுற்றினாள்.

ஒரு ஒத்திகையில் அவன் போதகரிடம் ஒரு சந்தேகம் கிளப்பினான். காற்று நின்றதும் கடல் எப்படி நிற்கும்? வாளித் தண்ணீரைக் கையால் கலக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வாளிக்கே அப்படியென்றால் அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு, காற்று ஓய்ந்த பிறகும் வெகுநேரம் ஆடத்தான் செய்யும். அவர் காற்றை நிறுத்தியது ஒன்று, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த தண்ணீரை அந்தக் கணமே அசையாமல் நிற்க வைத்தது இன்னொன்று. அது காற்றை நிறுத்துவதைவிடக் கஷ்டம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிற உற்சாகத்தோடுதான் இதைச் சொன்னான். போதகர் யோசித்துக்கொண்டு தாடையைத் தடவினார். சகலை அப்படியே நின்றுவிட்டான். அன்றைக்கு ஒத்திகை முடிந்து ஜெபிக்கச் சொன்னபோது சகலை இதையே எடுத்து, காற்றை மட்டுமல்ல, ஆடுகிற தண்ணீரையும் நிறுத்தினவரே என்று அந்தக் குரலில் ஜெபித்தான். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது அண்ணன் சொன்னது என்று சகலை வெளியே வந்து சொல்லத்தான் செய்தான். மாமியார் அதற்குள் பக்கத்திலிருந்தவரிடம், “எங்க சின்ன மாப்ளைக்கு எவ்வளவு ஞானம் பாத்தீங்களா?” என்று ஆரம்பித்திருந்தார்.

மகள் ஒத்திகைகளை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். சித்தப்பா கையைத் தூக்குகிறார், இடி நிற்கிறது. தன் கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கைபேசி.

மறுநாளே அவன் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனான். எல்லாவற்றையும் காட்டினான். அவள் டிரம்மைச் சுற்றிச் சிரித்தாள், மழையைச் சாய்த்தாள், தகட்டை உலுக்கிவிட்டுப் பயந்து பின்வாங்கினாள். எப்படி நிறுத்துவது என்றும் காட்டிக் கொடுத்தான். கன்னத்தைத் தகட்டில் வைத்து, கைகளை விரித்து அவள் அதைக் கட்டிக்கொண்டாள். தகடு அடங்கியதும் அவள் முகம் மலர்ந்தது. அவன் காத்திருந்த கணம் அதுதான்.

“அப்ப நீங்கதான் இடியாப்பா?”

“ஆமா.”

“சித்தப்பா சொன்ன உடனே நீங்க நின்னுடணுமா?”

“நாடகத்துல அப்படித்தான்டா.”

“நிக்கலன்னா?”

“நிக்கணும்.”

அவள் தகட்டிலிருந்து கன்னத்தை எடுக்காமலேயே யோசித்தாள். “அப்ப சித்தப்பா பேச்ச நீங்களே கேட்டுத்தான் ஆகணும்” என்றாள். அவளுக்கு அதில் பெரிய நிம்மதி கிடைத்ததுபோல் இருந்தது. இடிக்கு மேலே அப்பா, அப்பாவுக்கு மேலே சித்தப்பா. ஏணியில் ஒரு படி கூடியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் மகள் சொன்னது அவன் தலைக்குள் தகடுபோல் ஆடியது. மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து வேறொரு தகட்டைக் கொண்டு வந்தான். முழுத் தகடு, வெட்டாதது. கதவைவிட உயரம், கதவைவிட அகலம். தகடு மெல்லிசாகவும் பெரிதாகவும் ஆக ஆகக் குரல் கீழே இறங்கும். சின்னத் தகடு தட்டுமுட்டுச் சாமான் விழுந்ததுபோலத்தான் சத்தம் போடும், இதுவோ தொட்ட உடனேயே எங்கோ மலைக்குப் பின்னாலிருந்து உறுமுகிறது. வழக்கமாகத் தகட்டின் விளிம்பை மடித்துவிடுவார்கள், கையைக் கிழிக்காமலிருக்க. மடித்தால் குரல் கட்டிவிடும் என்று அதை அப்படியே விட்டான். நாடகத்தில் இடியை யாரும் மறக்கக் கூடாது என்று அவனுக்கு இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை அவன் தெளிவாக நினைத்துக்கொள்ளவில்லை. சகலை சொன்ன உடனே நிறுத்தாமல் ஒரு மூச்சு கழித்து நிறுத்த வேண்டும். ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு நேரம் சகலை கையைத் தூக்கிக்கொண்டு வெறுமனே நிற்கட்டும். மகள் பார்க்கட்டும்.

ஆண்டுவிழா மாலை சபை நிறைந்திருந்தது. கறுப்புத் திரையில் அவன் போட்டு வைத்திருந்த ஓட்டை வழியாக மேடை தெரிந்தது. பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிய படகில் இளைஞர் குழுப் பையன்கள் துடுப்புகளோடு தடுமாற, படகின் பின்பக்கம் சகலை தலையணை மேல் தலை வைத்துத் தூங்கினான். மனைவி சுற்ற ஆரம்பித்தாள். அவன் காலால் கயிற்றை இழுத்து மழையைச் சாய்த்தான், பிறகு தகட்டின் விளிம்பைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான்.

அவன் கேட்டதைவிட அதிகமாகத் தகடு கொடுத்தது. பலகைத் தரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. படகிலிருந்த பையன்கள் நடிப்பை மறந்து நிஜமாகவே குனிந்துகொண்டார்கள். அவனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இன்னும் உலுக்கினான். எழுப்பப்பட்ட சகலை எழுந்து நின்று, கையை உயர்த்தி, அந்தக் குரலில், உரக்கக்கூட இல்லாமல், “போதும். அமைதியா இரு” என்றான்.

மனைவி டிரம்மை விட்டாள். மழை நின்றது. அவன் ஒரு மூச்சு இழுத்து, அதைக் கடைசி வரை விட்டு, பிறகு தகட்டைக் கட்டிப்பிடித்தான்.

தகடு நிற்கவில்லை. அவன் கைகள் அதன் இரண்டு ஓரத்தையும் எட்டவில்லை. நெஞ்சு பட்ட இடம் அடங்கியது. மேலே, தலைக்கு மேல் எட்டாத இடத்தில் அது உறுமிக்கொண்டிருந்தது. குனிந்து முழங்காலை அழுத்தினால் மேலே கூடியது, எக்கிக் கையை நீட்டினால் கீழே கூடியது. மேல்கையில் ஏதோ சுரீரென்றது, மடிக்காத விளிம்பு கிழித்திருந்தது. ஓட்டை வழியாகச் சகலையின் உயர்த்திய கை தெரிந்தது. அவன் மறுபடி சொல்லவில்லை, கையை இறக்கவும் இல்லை. படகு மேல் நின்று, நிற்காத ஒரு புயலுக்கு எதிரே அப்படியே நின்றான். நில், என்று இவன் தகட்டிடம் மனதுக்குள் சொன்னான். நில், நில். கன்னத்தின் எலும்பு வழியாக அதன் அதிர்வு பல்லுக்குள் போனது. தானே கொண்டு வந்து, தானே தொங்கவிட்ட தகடு. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்த வாளிக் கணக்கு அவன் மேல் இறங்கியது. அவர் எதையும் பிடிக்காமல். நின்ற இடத்திலிருந்து. காற்றை மட்டுமல்ல, ஆடுகிற தண்ணீர் முழுவதையும், ஓரம் வரைக்கும். இத்தனை நாளும் அவன் சொன்ன வாக்கியம்தான். ஆனால் அதன் எடை இப்போதுதான் தெரிந்தது. அந்த எடைக்குக் கீழேயும் சகலையைத் தாண்டி, எங்கோ மேலே, அப்படி ஒரு சொல்லால் முடிகிற ஒருவர் மேல் அவனுக்குப் பொறாமை வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது.

மறுபக்கத்தில் யாரோ தகட்டில் விழுந்தார்கள். மனைவிதான். டிரம்மை விட்டு ஓடி வந்து அந்தப் பக்கமிருந்து கட்டிக்கொண்டாள். அவன் விரல்களோடு அவள் விரல்கள் ஓரத்தில் பின்னிக்கொண்டன. உறுமல் கீழிறங்கி, முனகலாகி, இருவருக்கும் நடுவில் ஒரு கூச்சம்போல் சுருங்கி அடங்கியது. தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. படகிலிருந்த ஒரு பையன் பேச வேண்டிய வசனத்தை மறந்து, வெகுநேரம் கழித்து, ரகசியம் சொல்வதுபோல, “யாருடா இவரு?” என்றான்.

முடிந்ததும் எல்லோரும் சகலையைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டென்று நிறுத்தியிருந்தால் நாடகமாகத்தான் இருந்திருக்கும், அது மெல்ல மெல்ல அடங்கினதும் இவர் கையை இறக்காமல் நின்றதும்தான் நெஞ்சை அடைத்தது என்று போதகர் சொன்னாராம். சின்ன மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரால் அப்படி நிற்க முடியும் என்று மாமியார் கேட்டாராம். திரைக்குப் பின்னால் மனைவி அவன் கைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மூச்சு லேட்டு” என்றாள்.

“தகடு பெருசு.”

“தகடு பெருசுதான். மனசையும் அதே மாதிரி வெட்டாம விட்டிருக்கலாம்” என்று முடிச்சை வேண்டுமென்றே இறுக்கினாள்.

சகலை திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அங்கி வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டிரம் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். மனைவி அவனுக்குத் தண்ணீர் எடுத்து வரப் போனாள்.

“நிக்காதோன்னு பயந்துட்டேண்ணே.”

இவன் தகட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“கைய எறக்கிடலாம்னு பாத்தேன். எறக்கவும் பயமா இருந்துச்சு. தூக்கிட்டு நிக்கவும் பயமா இருந்துச்சு. சோபா விக்கிறவன் நான், என் கை எங்க, ஆண்டவர் கை எங்கன்னு நெனச்சேன்.” தாடியைத் துடைத்துக்கொண்டான். “அவரு எப்படிண்ணே, ஒரே வார்த்தையில?”

எப்படி என்று யாராவது கேட்டால் இவனுக்கு இனிப்பு சாப்பிட்டதுபோல் இருக்கும். வாயைத் திறந்தான். வாளி இருந்தது, தகடு இருந்தது, காற்று இருந்தது. “தெரியல தம்பி” என்றான். ஒரு மூச்சு தாமதித்ததை அவன் சொல்லவில்லை.

அடுத்த வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் மாமியார் வீட்டில் இருந்த மத்தியானம், வானம் கறுத்தது. “நல்லவேளை வந்தீங்க மாப்ளே” என்று மாமியார் அவனுக்காக எடுத்து வைத்திருந்த பழைய மின்விசிறியைத் தரையில் பிரித்துப் போட்டிருந்தான். மின்னியது. மகள் எழுந்து நேராகச் சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள். இவன் ஸ்க்ரூ ஒன்றை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்தான்.

“சொல்லுங்க மாப்ளே, புள்ள கேக்குதில்ல” என்று மாமியார் சிரித்தார்.

சகலை சிரிக்கவில்லை. குனிந்து அவள் உயரத்துக்கு வந்தான். “நான் சொன்னா கேக்காதுடா” என்றான். “அன்னிக்கே கேக்கல.”

இடி தலைக்கு மேல் உடைந்தது. சமையலறைக்குப் பின்னால், சாரல் உள்ளே வராமலிருக்க அவன் போன வருஷம் அடித்துக் கொடுத்த தகரக் கதவு சட்டத்தில் கிடந்து படபடவென்று ஆடியது. மகள் சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். உப்புகிற காற்றையும் முட்டுகிற காற்றையும் சொல்ல அவன் நாக்கு எழும்பியது. அவள் காத்திருக்கவில்லை. சமையலறைக்குள் ஓடி, கைகளை விரித்து, கன்னத்தை அழுத்திக் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அவன் பின்னாலேயே போனான். கதவு அவள் உடம்பு பட்ட இடத்தில் மட்டும் அடங்கியிருந்தது. இரண்டு ஓரமும் ஆடிக்கொண்டிருந்தன. மண்டியிட்டு, அவளைச் சேர்த்து அணைத்தபடி, ஓரங்களில் உள்ளங்கையை வைத்தான். ஆறாத கைக்காயம் இழுத்தது. மேல் பாதி இன்னும் நடுங்கியது.

“சித்தப்பா, மேல புடிங்க” என்று அவள் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள். “அப்பாவுக்கு எட்டாது.”

அவன் நெஞ்சுக்குள் பழைய தகடு ஒருமுறை உறுமியது. சகலை வந்து, இருவருக்கும் மேலாகக் குனிந்து நீண்ட கைகளை மேல் மூலைகளில் வைத்தான். கதவு நின்றது. மூவரின் மூச்சும் தகரத்தில் பட்டு ஈரமாயிற்று.

கதவின் அடியிலிருந்த இடுக்கு வழியாகத் தரையில் வெள்ளை வெளிச்சம் பாய்ந்து, மகளின் கால்விரல்களைக் காட்டிவிட்டு மறைந்தது. அவள் எண்ணவில்லை. அவனும் எண்ணவில்லை. சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.